3,995 மில்லிமீட்டர் கார்களும் நம்ம பர்ஸும்

நம்ம ரோட்டுல ஓடுற காருங்களோட ப்ரோஷரை ஒண்ணொண்ணா எடுத்து, நீளம்னு போட்டிருக்கிற இடத்தை மட்டும் பாருங்க. டிசையர் 3,995 மில்லிமீட்டர். பிரெஸ்ஸா 3,995. வென்யூ 3,995. சோனெட் 3,995. ஐ20யும் 3,995. மேக்னைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கஞ்சத்தனம் பண்ணி 3,994. கொரியாக்காரன், ஜப்பான்காரன், நம்மாளுங்கன்னு எல்லாரும் தனித்தனியா உக்காந்து வரைஞ்சு கடைசில ஒரே நம்பர்ல வந்து நின்னா, அது அழகு பாத்து வந்த நம்பர் இல்லைங்க, வரி பாத்து வந்த நம்பர்.

2006 பட்ஜெட்ல ப.சிதம்பரம் சின்ன காருக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக்கினார். சின்ன கார்னா எதுன்னு ஒரு கோடு போடணும்ல, அந்தக் கோடு தான் 4 மீட்டர் நீளம், பெட்ரோல்னா 1,200 சிசி, டீசல்னா 1,500 சிசி. அப்புறம் 2017ல ஜிஎஸ்டி வந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டியையே மாத்தி எழுதினாங்க, ஆனா அந்தக் கோடு மட்டும் அசையவே இல்ல. இன்னிக்கு கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40 சதவீதம். கரெண்ட் வண்டி மட்டும் தனி, அதுக்கு 5. 18க்கும் 40க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தைப் பாத்தா எந்தக் கம்பெனி தான் 4 மீட்டருக்கு மேல ஒரு விரக்கடை நீட்டும் சொல்லுங்க.

இதனால வண்டியோட உருவமே எப்படி மாறிச்சுன்னு பாக்க டிசையர் ஒண்ணே போதும். 2008ல முதல்ல வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர். 2012ல வந்த அடுத்த டிசையர் 3,995. நடுவுல காணாம போன அரை அடி எங்கன்னு பாத்தா டிக்கில. பின்னாடி கதவு வரைக்கும் செடான், அதுக்கப்புறம் யாரோ ரம்பம் எடுத்து வந்த மாதிரி சடக்குனு முடிஞ்சிடும். அந்த வண்டி முதல்ல ரோட்டுக்கு வந்தப்ப எல்லாரும் சிரிச்சோம், அப்புறம் அதுவே இந்தியாவுல அதிகமா விக்கிற செடான் ஆயிடுச்சு, இப்ப யாருக்கும் அது அசிங்கமாவே தெரியல, கண்ணு பழகிடுச்சு. ஐ20 ஐரோப்பாவுல 4 மீட்டரைத் தாண்டித் தான் விக்குது, அதே வண்டி நம்ம ஊருக்கு வரும்போது பம்பரைக் குறுக்கி 3,995 ஆக்கிடுறாங்க. மஹிந்திரா தார் இருக்கே, காடு மலைன்னு விளம்பரத்துல சுத்துற வண்டி, அதோட மூணு கதவு மாடல் நீளம் 3,985, ஆனா இன்ஜின் பெருசுங்கிறதால வரில சிக்கிக்கிச்சு. 2023 ஜனவரில அதுக்கு 1,497 சிசி டீசல் ஒண்ணை வெச்சு, பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மாதிரி விட்டாங்க, ஆரம்ப விலை 9.99 லட்சம். காட்டு ராஜாவும் கடைசில அளவுகோலுக்குள்ள வந்து உக்காந்துச்சு.

இன்ஜின் பக்கமும் இதே கூத்து தான். 1,197 சிசி, 1,199 சிசின்னு இத்தனை இன்ஜின் ஏன்னு யோசிச்சிருப்பீங்க. பிரெஸ்ஸா பெட்ரோல் 1,462 சிசி, நீளம் சரியா இருந்தும் இன்ஜினால 40 சதவீதத்துல போயிடுது, பக்கத்துல நிக்கிற நெக்ஸான் 1,199 சிசி, 18 சதவீதம். ரெண்டும் ஒரே உசரம், ஒரே அகலம் மாதிரி தான் நமக்குத் தெரியும். இதுல ஒரு வேடிக்கை, நம்ம ட்ராஃபிக்ல ஃபுல் லோடு ஏத்தி ஏசி போட்டு ஏற்காடு ஏறணும்னா, டர்போ இல்லாத 1.2ஐ விட நிதானமா இழுக்கிற 1.5 தான் நல்லது, ஆனா சட்டம் நல்ல இன்ஜினுக்குத் தண்டனை போடுது. இந்தக் கோட்டை எடுத்துட்டு எடைக்கோ, கிலோமீட்டருக்கு எவ்ளோ புகை விடுதுங்கிறதுக்கோ வரி போட்டா வண்டி இதைவிட ஒழுங்கா இருக்கும்ங்கிறது என் கட்சி.

சரி, இப்ப எங்க சித்தப்பா பையன் கதைக்கு வர்றேன். எங்க சொந்தத்துல யார் கார் வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வரும், நான் ஒண்ணும் மெக்கானிக் இல்ல, சும்மா படிக்கிற கேஸ் தான், ஆனா வாயைத் திறந்து பேசுறவனைத் தான் உலகம் நம்பும். தம்பி திருச்சில இருக்கான், ரெண்டு குழந்தைங்க, சித்தி சித்தப்பா கூட இருக்காங்க. ஒரு காம்பேக்ட் எஸ்யூவி பாத்து வெச்சிருந்தான், "அண்ணா, டாப் மாடலுக்கும் அதுக்குக் கீழ இருக்கிறதுக்கும் ஒரு லட்சத்துக்குள்ள தான் வித்தியாசம், டாப்பே எடுத்துடலாமா"ன்னு கேட்டான். அந்த வித்தியாசம் எக்ஸ்-ஷோரூம் கணக்குல, அதாவது பதிவு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேக்காத விலைல. ரோட்டுல இறங்குற கணக்கு வேற.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல லைஃப் டாக்ஸை, அதான் வண்டி பதிவு பண்றப்ப ஒரே தடவையா கட்டுற சாலை வரியை ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி 10 லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல 15. இப்ப 5 லட்சம் வரை 12, 5ல இருந்து 10 வரை 13, 10ல இருந்து 20 வரை 18, அதுக்கு மேல 20. வருமான வரி மாதிரி தாண்டின தொகைக்கு மட்டும் ஏறுற கணக்கு இல்ல இது, கோட்டைத் தாண்டினா முழு விலைக்கும் புது ரேட்டு. கணக்கு போட்டுப் பாருங்க. 9,99,000 ரூபா வண்டிக்கு 13 சதவீதம்னா 1,29,870. 10,10,000 ரூபா வண்டிக்கு 18 சதவீதம்னா 1,81,800. வண்டி விலைல 11,000 ரூபா தான் வித்தியாசம், வரில மட்டும் 51,930 ரூபா. அதோட 10 லட்சம் தாண்டினா 1 சதவீதம் டிசிஎஸ்னு வருமான வரியை முன்கூட்டியே வேற பிடிப்பாங்க, அது வருமான வரி ரிட்டர்ன்ல திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம், ஆனா வாங்குற அன்னிக்கு கைல இருந்து போகும். கம்பெனிக்காரனுக்கும் இது நல்லாவே தெரியும், அதான் 9.99 லட்சத்துல இத்தனை வேரியண்ட் நிக்குது. தம்பி பாத்த வேரியண்ட் கோட்டுக்குக் கீழ, டாப் மாடல் கோட்டுக்கு மேல. அவன் "ஒரு லட்சத்துக்குள்ள"ன்னு சொன்னது இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால்கிட்ட போய் நின்னுச்சு.

அந்த ஒண்ணே முக்காலுக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டா, சன்ரூஃப், ஏழெட்டு கலர்ல மாத்துற உள் லைட், கொஞ்சம் பெரிய ஸ்க்ரீன், வைர வெட்டு அலாய், போன்லயே ஏசி ஆன் பண்ற ஆப்.

சன்ரூஃப் பத்தி நான் பேசினா வீட்டுல எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க, அதனால இங்க பேசிக்கிறேன். சித்திரை மாசம் திருச்சில கூரைல கண்ணாடி வெச்சுக்கிட்டு என்னத்தைப் பாக்கப் போறோம்? வருஷத்துல முக்கால்வாசி நாள் அதோட திரையை மூடியே தான் வெச்சிருப்போம், மிச்சம் நாள் மழை. கூரைக்குள்ள மோட்டார், ரெயில், கண்ணாடின்னு சேர்றதால உள்ள தலை இடம் கொஞ்சம் குறையும், எடை வண்டியோட உச்சந்தலைல ஏறும், ஓரத்துல தண்ணி போறதுக்கு நாலு மூலைலயும் சின்ன ட்யூப் இருக்கும், அதுல வேப்பம்பூவும் தூசியும் அடைச்சா தண்ணி கூரைத் துணிக்குள்ள இறங்கும். இதுக்கெல்லாம் மேல, குழந்தைங்களை சீட்டு மேல ஏத்தி தலையை வெளிய நீட்ட விடுறது. ஒரு சடன் பிரேக் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது ஆகாது. ஆனாலும் விக்குது, 2023ல வந்த எக்ஸ்டர் மாதிரி குட்டி வண்டில கூட இருக்கு, ஏன்னா ஷோரூம்ல சேல்ஸ் பையன் பட்டனை அமுக்கி அந்தக் கண்ணாடி சர்ருனு பின்னாடி போகும்போது குழந்தைங்க முகத்தைப் பாக்கணும், அப்பன் விழுந்துடுவான்.

இங்க தான் என் முழு சண்டையும். நம்ம ஊர் காருல பாதி விஷயம் ஷோரூம்ல நிக்கிற பத்து நிமிஷத்துக்குன்னு டிசைன் பண்ணினது, அதுக்கு அப்புறம் நாம ஓட்டப்போற பத்து வருஷத்துக்கு இல்ல.

ஹெட்லைட்டை எடுத்துக்குங்க. 2019ல ஹாரியர், வென்யூன்னு ஆரம்பிச்சுது, மேல மெல்லிசா ஒரு கோடு லைட்டு, நிஜ ஹெட்லைட்டைக் கீழ பம்பர் ஓரத்துல இறக்கிட்டாங்க. படத்துல பாத்தா மிரட்டலா தான் இருக்கு. ஆனா நம்ம சிக்னல்ல முன்னாடி நிக்கிற ஸ்கூட்டர் ரிவர்ஸ்ல உருண்டு வந்தா முதல்ல தொடுறது எங்க? அந்த பம்பர் ஓரம் தான். முன்னாடி எல்லாம் அந்த இடத்துல வெறும் பிளாஸ்டிக், தேச்சா போச்சு. இப்ப அங்க எல்இடி ஹெட்லைட் உக்காந்திருக்கு, உள்ள பல்பு மட்டும் தனியா மாத்துற காலமும் போச்சு, முழு அசெம்ப்ளி தான். பின்னாடி இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பட்டையா சிவப்பு லைட்டு, அதுல நடுவுல ஒரு விரிசல் விட்டாலும் துண்டா மாத்த முடியாது. டிசைன் பண்றவங்க யாராவது ஒரு வாரம் காந்தி மார்க்கெட் பக்கம் வண்டி ஓட்டிட்டு அப்புறம் வரையட்டும்.

இதுக்கும் இன்சூரன்ஸுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. சாதா காம்ப்ரிஹென்சிவ் பாலிசில பிளாஸ்டிக், ரப்பர், நைலான், டயர், பேட்டரி இதுக்கெல்லாம் தேய்மானம்னு 50 சதவீதம் கழிச்சுட்டு தான் பணம் தருவான், வண்டி வாங்கி ஒரு மாசமே ஆயிருந்தாலும். கண்ணாடிக்கு மட்டும் கழிக்க மாட்டான். இன்னிக்கு காரோட மூஞ்சி முழுக்க என்ன? பிளாஸ்டிக். பம்பர், கிரில், லைட்டு, வீல் ஓரத்துல கறுப்பா ஒட்டியிருக்கிற க்ளாடிங், எல்லாமே. அதனால தான் பம்பர் டு பம்பர்னு சொல்ற, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இல்லாம புது வண்டி ஓட்டவே முடியாத நிலைமை, அதுக்குத் தனியா பிரீமியம், அதுவும் வண்டிக்கு வயசு ஏற ஏற சில கம்பெனி தராது, சிலது வருஷத்துக்கு ரெண்டு கிளைம்னு கட்டு வெச்சிருக்கும். இரும்பு பம்பர் போட்ட அம்பாசடர்ல இந்தப் பிரச்சினை இல்ல, அதுல வேற எல்லாப் பிரச்சினையும் இருந்துச்சுங்கிறது வேற விஷயம்.

கிளைம் பண்ணலாமா வேணாமாங்கிறதும் ஒரு கணக்கு. கிளைம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம் என்சிபி, அதாவது வண்டி சேதத்துக்கான பிரீமியத்துல தள்ளுபடி, அப்புறம் 25, 35, 45, 50ன்னு ஏறும். ஒரு சின்னக் கீறலுக்கு கிளைம் போட்டா அது திரும்ப சைபர். ஏழாயிரம் ரூபா பெயிண்ட் வேலைக்கு 50 சதவீத என்சிபியை விடுறது நஷ்டம், பேசாம வெளில டிங்கரிங் கடைல பாத்துக்கலாம். இன்னொண்ணு, ஐடிவின்னு பாலிசில போட்டிருக்கிற தொகை, வண்டி மொத்தமா போனா கிடைக்கிறது, எக்ஸ்-ஷோரூம் விலைல இருந்து தேய்மானம் போக வர்றது, நாம கட்டின லைஃப் டாக்ஸ் அதுல கிடையாது. வண்டி காணாம போனா அந்த ஒண்ணே கால் ஒண்ணே முக்கால் லட்சமும் காணாம போன மாதிரி தான், பில்லுல இருக்கிற தொகையையே தர்ற ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு ஆட்-ஆன் எடுத்திருந்தா தான் தப்பிக்கலாம். முதல் மூணு வருஷம் அதை எடுங்கன்னு நான் எல்லாரையும் நச்சரிப்பேன். மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எப்படியும் புது காருக்கு மூணு வருஷத்துக்கு சேத்து கட்டியாகணும், 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து அப்படித் தான். ஷோரூம்ல தர்ற இன்சூரன்ஸையே எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல, வெளில ஒரு கோட்டேஷன் வாங்கிட்டுப் போய் மேஜைல வெச்சா அவங்க ரேட்டும் தானா இறங்கும்.

கோட்டேஷன்னதும் ஞாபகம் வருது, தம்பிக்கு வந்த தாள்ல "எசென்ஷியல் கிட்"னு ஒரு வரி, என்னன்னு கேட்டா மேட்டு, மட்ஃப்ளாப், ஒரு கார் சென்ட், ஸ்டீரிங் உறை. அதுக்குக் கீழ ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒண்ணு. இதை எதுக்குன்னு நிமிர்ந்து பாத்து கேட்டா அடுத்த தாள்ல அது இருக்காது. சித்தப்பா பக்கத்துல உக்காந்து, "ஏண்டா இவ்ளோ பெரிய கடைல போய் மேட்டுக்கு பேரம் பேசுறீங்க"ன்னு கூச்சப்பட்டார். அவர் காலத்துல காருக்கு புக் பண்ணிட்டு வருஷக்கணக்குல காத்துக்கிடந்தவர், கார் குடுத்தாலே போதும்ங்கிற மரியாதை இன்னும் போகல.

ஸ்க்ரீன் விஷயத்துக்கு வர்றேன். ஏசியைக் கூட்டணும்னா முன்னாடி ஒரு குமிழ் இருக்கும், கண்ணு ரோட்டுல இருக்க கை தானா போய் திருகும். இப்ப பல வண்டில அதைத் தூக்கி ஸ்க்ரீனுக்குள்ள போட்டுட்டாங்க. 2022ல ஸ்வீடன்ல ஒரு கார் பத்திரிகை ஒரு சோதனை வெச்சாங்க, 110 கிலோமீட்டர் வேகத்துல போயிக்கிட்டே ஏசி, ரேடியோ மாதிரி நாலு சாதாரண வேலையைச் செய்யணும். 2005 மாடல் பழைய வோல்வோ வி70, முழுக்க பட்டன், 10 செகண்ட்ல முடிஞ்சுது, அதுக்குள்ள வண்டி 306 மீட்டர் போயிருந்துச்சு. எம்ஜி மார்வெல் ஆர்னு ஒரு புது எலக்ட்ரிக் வண்டி, எல்லாம் ஸ்க்ரீன், 44.9 செகண்ட், 1,372 மீட்டர். ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மேல கண்ணு பாதி ரோட்டுல இல்லாம போயிருக்கு. காரை மோதவிட்டுப் பாத்து பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கிற யூரோ என்கேப்பும் 2026ல இருந்து இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர், எமர்ஜென்சி கால் இதுக்கெல்லாம் கைல தொட்டுத் தெரியிற பட்டனோ லீவரோ இருந்தா தான் முழு மார்க்குனு சொல்லிட்டாங்க. கம்பெனிங்க ஸ்க்ரீனை விரும்புறதுக்குக் காரணம் சிம்பிள், இருபது பட்டனுக்கு அச்சு போட்டு வயர் இழுக்கிறதை விட ஒரு ஸ்க்ரீன் செலவு கம்மி, பாக்கிறவனுக்கு அது தான் காஸ்ட்லியா தெரியும். எட்டு வருஷம் கழிச்சு அந்த ஸ்க்ரீன் செத்தா ஏசியும் சேந்து சாகும்ங்கிறது வாங்குறப்ப தோணாது. நம்ம வெயில்ல நிறுத்தி வெச்ச காருக்குள்ள போனை விட்டுட்டு வந்தாலே அது சூடுன்னு கத்துது.

பியானோ பிளாக்னு ஒரு பளபளப்பு பிளாஸ்டிக் இருக்கு, கியர் பக்கத்துல. புதுசா இருக்கும்போது கண்ணாடி, ஒரு தடவை தூசித் துணில தொடைச்சதும் முடிஞ்சுது, சூரியன் சாயும்போது அதுல பட்டு நேரா கண்ணுல அடிக்கும். இதைக் கண்டுபிடிச்சவனைத் தேடிக்கிட்டு இருக்கேன்.

எல்லா ஃபீச்சரும் வேஸ்ட்னு சொல்ல வரல. காத்து வர்ற சீட்டு, வென்டிலேட்டட் சீட்டுன்னு சொல்றாங்களே, 2017 வெர்னாவுல வந்தப்ப ஆடம்பரம்னு நானே நெனச்சேன், ஆனா மே மாசம் திருச்சில இருந்து மதுரை வரைக்கும் முதுகு நனையாம போய் இறங்கினா அது ஆடம்பரம் இல்லைன்னு புரியும். பின் சீட்டுக்கு ஏசி வென்ட், டயர் காத்து காட்டுற டிபிஎம்எஸ், ரிவர்ஸ் கேமரா, இதெல்லாம் சரி. அதுவும் ரிவர்ஸ் கேமரா இல்லாம முடியாது இப்ப, ஏன்னா ஸ்டைலுக்காக பின்னாடி கண்ணாடியை அஞ்சல் பெட்டி வாய் அளவுக்கு சுருக்கிட்டாங்க. அவங்களே ஜன்னலை அடைச்சுட்டு அவங்களே கேமரா விக்கிறாங்க. பின் சீட்டு ஜன்னல் கோடும் ஏறிக்கிட்டே போகுது, குழந்தைங்களுக்கு வெளில எதுவும் தெரியாம வாந்தி தான் வருது.

பாதுகாப்பை மட்டும் டாப் மாடலுக்குள்ள பூட்டி வெச்சது தான் எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம். 2014ல குளோபல் என்கேப் நம்ம ஊர் வண்டிங்களை மோதிப் பாத்தப்ப ஆல்டோ, ஐ10, நானோ எல்லாம் பூஜ்யம் ஸ்டார். 2018ல நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்கினதுக்கு அப்புறம் தான் ஸ்டார் பேசினா வண்டி விக்கும்னு கம்பெனிங்களுக்கே தெரிஞ்சுது. ஆறு ஏர்பேக் கட்டாயம்னு அரசாங்கம் 2022ன்னு சொல்லி, 2023ன்னு தள்ளி, கடைசில கட்டாயம் இல்லைன்னு விட்டுட்டாங்க, ஆனா அதுக்குள்ள ஹூண்டாய் எல்லா மாடலுக்கும் ஆறு குடுக்க ஆரம்பிச்சாச்சு, டிசையரே 2024ல அஞ்சு ஸ்டார் வாங்குச்சு. பத்து வருஷத்துல இது உண்மையிலயே பெரிய மாற்றம். இப்ப கீழ இருக்கிற வேரியண்ட் எடுத்தாலும் உயிருக்கு ஆபத்து முன்னாடியை விட கம்மின்னு சொல்ல முடியுது, அதனால தான் தம்பிகிட்ட டாப் வேணாம்னு தைரியமா சொன்னேன்.

டிசைன்ல எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா சிரிப்பீங்க, வேகன் ஆர். 3,655 மில்லிமீட்டர் நீளம், 1,675 உசரம். பொட்டி மாதிரி தான் இருக்கும். ஆனா எங்க சித்தி முட்டி வலியோட புடவையை ஒரு கைல பிடிச்சுக்கிட்டு கதவைத் திறந்து அப்படியே உக்காருவாங்க, கீழ குனியவும் வேணாம், எஸ்யூவி மாதிரி படி ஏறவும் வேணாம், இடுப்பு உசரத்துல சீட்டு. இதை முதல்ல நம்ம ஊருக்குக் காட்டினது 1998ல இருங்காட்டுக்கோட்டைல இருந்து வந்த சான்ட்ரோ. எஸ்யூவின்னு நாம இன்னிக்கு ஏங்குறதுல பாதி இந்த உசரத்துக்குத் தான், மிச்சம் கெத்து. கெத்துக்கு ஒரு விலை இருக்கு, பெரிய அலாய், மெல்லிசு டயர், ஒரு குழில இறங்கினா டயர் பக்கவாட்டுல பலூன் மாதிரி முட்டிக்கிட்டு வரும், அதை பஞ்சர் கடைல ஒட்ட முடியாது, புதுசு தான்.

மக்கள் எல்லாம் மைலேஜ் மைலேஜ்னு உயிரை விடுறாங்க, அதுல ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிடுறேன். தம்பி வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுவான்னு வெச்சுக்குவோம். டவுன்ல லிட்டருக்கு 14, பெட்ரோல் 101 ரூபான்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 57,700 ரூபா வருது. அதே வண்டி ஆன்-ரோடு 12 லட்சம், அஞ்சு வருஷம் கழிச்சு ஆறு லட்சத்துக்குப் போச்சுன்னா, வருஷத்துக்கு 1,20,000 ரூபா வெறும் நின்ன இடத்துல ஆவியாகுது. பெட்ரோல் செலவை விட ரெண்டு மடங்கு. அதுல யாரும் பேரம் பேசுறதில்ல, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் அதிகம்னு டீசல் பாக்கிறாங்க. டீசல் 92 ரூபா சொச்சம்னு வெச்சு, லிட்டருக்கு 18 குடுக்கும்னா கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா சொச்சம் மிச்சம், விலை வித்தியாசம் 1,20,000ன்னா அதை எடுக்கவே 57,000 கிலோமீட்டர் ஓட்டணும், தம்பிக்கு ஏழு வருஷம். அதோட பிஎஸ்6ங்கிற புகை விதிப்படி வர்ற டீசல்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு, புகைக்கரியைப் பிடிச்சு வெச்சுக்கும், நெடுஞ்சாலைல சூடேறினா தான் அது எரிஞ்சு சுத்தமாகும். டவுன்லயே தில்லைநகருக்கும் தென்னூருக்கும் உருட்டுற வண்டிக்கு அது அடைச்சுக்கிட்டு லைட்டு போடும். தினம் நூறு கிலோமீட்டர் போறவங்க டீசல் எடுங்க, மத்தவங்க சும்மா இருங்க.

லோனும் அப்படித் தான். 9 லட்சம், 9 சதவீதம், ஏழு வருஷம்னா மாசம் 14,480 தான்னு சொல்வாங்க, அந்த "தான்"ல வட்டி மட்டும் 3,16,000. அஞ்சு வருஷம்னா மாசம் 18,680 கட்டணும், வட்டி 2,21,000. டாப் மாடலுக்கு ஏழு வருஷம் கட்டுறதுக்கு நடு மாடலுக்கு அஞ்சு வருஷம் கட்டிட்டு நிம்மதியா தூங்கலாம்.

தம்பி கடைசில நடு வேரியண்ட் எடுத்தான், பெட்ரோல், வெள்ளை கலர், ஏசிக்கு குமிழ் இருக்கிறது. அவன் மனைவிக்கு இன்னும் என் மேல கொஞ்சம் வருத்தம், சன்ரூஃப் விஷயத்துல, தீபாவளிக்கு போனப்ப "அத்தான், உங்களால தான்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

என் வண்டி 2012 மாடல், ஸ்க்ரீன் கிடையாது, எல்லாம் திருகுறது தான். அடுத்த வருஷம் 15 முடியுது, எஃப்சி காட்டி, ஃபீஸும் பசுமை வரியும் கட்டி அஞ்சு வருஷத்துக்கு ஆர்சி நீட்டிக்கலாம். இன்ஜின் நல்லா தான் இருக்கு, அடில துருவும் இல்ல, முன்னாடி சஸ்பென்ஷன் புஷ் மட்டும் கடகடங்குது. நாலு டயரும் தேஞ்சு போச்சு, இப்பவே மாத்துறதா, இல்ல எஃப்சிக்கு முன்னாடி மாத்தி ரெண்டுக்கும் ஒரே செலவா முடிக்கிறதான்னு மெக்கானிக்கிட்ட கேட்டேன், மழைக்கு முன்னாடி மாத்திடுங்க சார்னுட்டார். அப்ப இந்த மாசமே டயர் கடைக்குப் போகணும்.